பதினொரு வீட்டுச் சாப்பாடு

வேம்பங்கண்மாய்,
அமராவதிபுதூர் வழி.
9 அக்டோபர் 2023

அன்புள்ள பெல்சிக்கு,

சொர்ணம் எழுதுகிறேன். இங்கே நானும் வீட்டுக்காரரும் மாமியாரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். கோயம்புத்தூரில் நீயும் அப்படியே இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். போன் போட்டால் ‘மீட்டிங்’ என்று வைத்துவிடுகிறாய். அதனால் இனிமேல் படிவக் கட்டுக்குள்ளேயே கடிதம். கட்டைப் பிரிக்காமல் உனக்குச் சம்பளம் கிடையாதே, என் கடிதம் கையில் பட்டுத்தானே தீரும்.

முதல் கட்டில் நாற்பத்திரண்டு படிவம் இருக்கிறது. எல்லாம் மேலத்தெருவும் நடுத்தெருவும். வயலில் என்ன விளைகிறது, அடுப்பில் என்ன வேகிறது, உடம்பில் எவ்வளவு ரத்தம் இருக்கிறது, மூன்றையும் வீடு வீடாக எழுது என்றாய். எழுதிவிட்டேன். ஆனால் இந்தக் கேள்வித்தாளை எழுதிய மகராசன் யாரடி? அவனை ஒரு நாள் இங்கே அனுப்பு.

“உங்கள் இல்லத்தின் உணவுப் பன்மைத்தன்மை குறித்துக் கூறவும்” என்பது பதினேழாவது கேள்வி. வாய்விட்டுப் படித்தேன். நடுத்தெருவில் ஒருத்தி, “பன்னா? பன்னு ரொட்டியெல்லாம் காச்சல் வந்தாத்தான் வாங்குவோம்” என்றாள். அதையே எழுதிக்கொண்டேன். நீ கொடுத்த பட அட்டையில் பச்சையாகப் பூ மாதிரி ஒரு காய் இருக்கிறதே, அதைக் காட்டினால் எல்லோரும் “இது என்ன மரம்?” என்கிறார்கள்.

நடுத்தெருக்காரர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். போர் போட்டு, சொட்டுநீர் விட்டு, கத்தரியும் வெண்டையும் தண்டுக்கீரையும் போடுகிறார்கள். விடிந்ததும் முதல் டவுன் பஸ்ஸில் மூட்டை காரைக்குடிக்கு ஏறிவிடும். ஏறாத சொத்தைக் கத்தரி மாட்டுக்கு. இவர்கள் தட்டில் ரேஷன் அரிசிச் சோறு, புளிக்குழம்பு, அப்பளம். வாசலில் கீரை நிற்கிற வீட்டில் கீரை கடைந்து ஒரு மாதம் ஆகிறது! “ரெண்டு கட்டு எடுத்து வச்சா என்ன?” என்றேன். “அது விக்கப் போட்டதுல்ல, அதைப் போயித் திம்பாகளா?” என்கிறாள். ரத்தம், அதுதான் உன் ஹீமோகுளோபின், ஒன்பது; பன்னிரண்டாவது வேண்டாமா? இதற்கு மூன்று வருஷ ஆராய்ச்சி எதற்கு? கன்னத்தில் ஒன்று வைத்தால் போதும்.

மேலத்தெரு ஈஸ்வரன் நாற்பது ஏக்கரில் வரகும் கடலையும் போட்டுக்கொண்டிருந்தவர். நாலு வருஷமாகத் தைலமரத்தை நட்டுவிட்டுக் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். “மரத்துக்குக் களையெடுக்க வேணாம், ஆளுகளோட மல்லுக்கட்ட வேணாம்” என்று என்னிடமே பெருமை. ஆளுக்குப் பிரஷர், சம்சாரத்துக்குச் சர்க்கரை. அந்தம்மாவுக்கு ரத்தம் மட்டும் பதிமூன்று.

மதுரையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மனையியல் படித்தோம். நீ ஆராய்ச்சி செய்து டாக்டர் ஆனாய், நான் உனக்காக ஊர்க்காரிகள் விரலில் ஊசி குத்துகிறேன். கீழத்தெரு பாக்கி இருக்கிறது. மழை விடட்டும்.

உன் பழைய அறைத்தோழி,
சொர்ணவல்லி


கோயம்புத்தூர்
17 அக்டோபர் 2023

சொர்ணத்துக்கு,

கட்டு வந்தது. கடிதமும் வந்தது. நல்ல கையெழுத்து, வீணான விஷயம்.

கேள்வித்தாளை எழுதிய மகராசன் நான்தான். தமிழ் மட்டும் அலுவலகத்தில் யாரோ செய்தது. அதை மாற்றச் சொல்லிவிட்டேன், உனக்கு நன்றி. ஆனால் படிவத்தின் ஓரத்தில் “கஞ்சப்பிசினாரி”, “வாயைத் திறந்தால் பொய்” என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறாயே, அதை எந்தப் பத்தியில் நான் ஏற்றுவது? உன் அபிப்பிராயத்துக்காக உன்னை வேலைக்கு வைக்கவில்லை. போய், கேட்டு, குத்தி, எழுது. அவ்வளவுதான்.

கன்னத்தில் அறைந்தால் சரியாகிவிடும் என்கிறாய். கத்தரிக்காய் ஏன் தட்டுக்கு வராமல் பஸ் ஏறுகிறது என்பதுதானே என் கேள்வியே. வீட்டுத் தோட்டம் போட்டால் ரத்தம் ஏறும் என்று பெரிய பெரிய கூட்டங்களில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். விளைந்தால் மட்டும் போதாது என்பதை நாற்பத்திரண்டு வீட்டில் எழுதி அனுப்பியிருக்கிறாய். நீ அனுப்பியது என்னவென்று உனக்கே தெரியவில்லை, அதுதான் வேடிக்கை.

மழையைச் சாக்காகச் சொல்லாதே. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கீழத்தெருப் பதினொரு வீட்டுக்காகத்தான் நான் உன் ஊரையே தேர்ந்தெடுத்தேன். ஊரில் சொந்த நிலம் இல்லாத வீடுகள் அவை மட்டும்தான். ஈஸ்வரன் தன் நிலத்தில் பயிரை மாற்றினால் முதலில் மாறுவது அந்தப் பதினொரு வீட்டின் சாப்பாடு. அது எப்படி மாறியது என்று தெரிய வேண்டும்.

நீயே போக வேண்டும். வேறு யாரையும் அனுப்பாதே. வீட்டுக்குள் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும். யாருக்காவது ரத்தம் ஏழுக்குக் கீழே வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு எனக்குப் போன் செய். மீட்டிங்கில் இருந்தாலும் எடுப்பேன்.

பெல்சி


வேம்பங்கண்மாய்
1 நவம்பர் 2023

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

உத்தரவு கிடைத்தது. ஓரத்தில் ஒரு எழுத்துகூட எழுதவில்லை, பார்த்துக்கொள். கீழத்தெருப் பதினொன்றும் இந்தக் கட்டில் இருக்கிறது. மாதக் கடைசியில் சோதனைக்கு அனுப்பச் சொன்ன ரத்த மிஷினையும் சேர்த்தே பார்சல் போட்டிருக்கிறேன்.

நீ அந்தத் தெருவுக்காக ரொம்ப உருகினாயே, இப்போது படித்துப் பார். மேலத்தெருவையும் நடுத்தெருவையும்விட அங்கேதான் ரத்தம் கெட்டி! ஒன்றுகூடப் பதிமூன்றுக்குக் கீழே இல்லை. எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அவர்களுக்கு என்ன குறை? வரப்பில் முளைக்கிற கீரை, கண்மாய் மீன், நண்டு, நத்தை, கறி என்று ஒன்றையும் விடமாட்டார்கள். நம்மைப் போல வெள்ளி, செவ்வாய் என்று கணக்குப் பார்க்கிற ஜனமா? தின்றுவிட்டு வேலை செய்கிற உடம்பு, கல் மாதிரி இருக்கும். முட்டை, கீரை, பருப்பு, நெல்லிக்காய் என்று வரிசையாக எழுதியிருக்கிறேன். எழுதி எழுதி எனக்கே பசி வந்துவிட்டது.

நிலம் இல்லாதவன்தான் நன்றாகச் சாப்பிடுகிறான் என்று எழுதிப் பெரிய பேர் வாங்கிக்கொள். மேடையில் மாலை போடும்போது சொர்ணத்தை நினைத்துக்கொள்.

வீட்டுக்காரர் கோவிலூரில் ஒரு வீட்டுக் கதவு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
சொர்ணவல்லி


கோயம்புத்தூர்
12 டிசம்பர் 2023

சொர்ணவல்லிக்கு,

ஒரு வாரம் உன்னை நம்பினேன். என் மேலதிகாரிக்குக் காட்டினேன். அவர் மகிழ்ந்துபோனார். நிலமற்றவர்கள் தைலமரத்தால் ஒன்றும் கெட்டுவிடவில்லை என்று வேளாண் துறைக்கு ஒரு குறிப்பு அனுப்பலாம் என்றார். இரண்டு பக்கம் எழுதியும் வைத்தேன். நல்ல வேளை, அனுப்பவில்லை.

பிறகு மிஷினைத் திறந்தார்கள். அது நீ நினைப்பதுபோல வெறும் டப்பா அல்ல. எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, என்ன அளவு என்று எல்லாவற்றையும் உள்ளே எழுதி வைத்துக்கொள்ளும். அக்டோபர் இருபத்தெட்டு, மாலை ஆறு பத்துக்கு முதல் ஊசி. ஆறு ஐம்பத்திரண்டுக்குப் பதினொன்றாவது. பதினொரு வீடு ஏறி இறங்கி, உட்கார்ந்து, பதினான்கு பக்கக் கேள்வி கேட்டு, நாற்பத்திரண்டு நிமிஷத்தில் முடித்திருக்கிறாய். பறந்து போனாயா?

அளவுகள் 13.6, 13.9, 13.8, 13.9, 14.0. பதினொன்றும் இப்படியே. அது பதினொரு பெண்களின் ரத்தம் அல்ல, சொர்ணம். ஒரே ஆளுடையது. பெரும்பாலும் ஓர் ஆணுடையது. உன் வீட்டில் இருக்கும் ஆண் யார் என்று எனக்குத் தெரியும். பத்து விரலில் பதினொரு ஊசி. எந்த விரலில் இரண்டு முறை குத்தினாய்?

நீ சோம்பேறி இல்லை. மற்ற நாற்பத்திரண்டு படிவத்தையும் சரிபார்த்தேன், ஒன்றில்கூடப் பிழை இல்லை. வாய்க்கால் வரை ஒழுங்காக வந்த உன் கால் அதற்கு அந்தப் பக்கம் ஏன் போகவில்லை என்பதை எழுத்தில் தெரிவி.

பெல்சி


வேம்பங்கண்மாய்
19 டிசம்பர் 2023

பெல்சிக்கு,

எழுத்தில்தானே வேண்டும், எழுதுகிறேன்.

ஆமாம், போகவில்லை. ஆமாம், அவர் விரல்தான். உளி பட்டுப் பட்டுக் காய்த்த விரல், அவருக்கு ஒன்றும் வலிக்கவில்லை. “எதுக்கு இந்தக் கூத்து?” என்று மட்டும் கேட்டார். உன் ஆராய்ச்சியே கூத்துதானே என்றேன்.

நீ ஊரைவிட்டுப் போனவள். எங்கே வேண்டுமானாலும் நுழைவாய், யார் வீட்டிலும் உட்காருவாய், ஒருவரும் உன்னைக் கேட்கமாட்டார்கள். நான் இங்கேயே கிடந்து சாக வேண்டியவள். எங்கள் தெருவிலிருந்து எந்தப் பொம்பளையும் அங்குட்டுப் போய் உட்கார்ந்ததில்லை. “வீட்டுக்குள் போய் உட்கார்ந்து கேள்” என்று கோயம்புத்தூரில் ஏசி போட்டுக்கொண்டு எழுதுவது சுலபம். வாய்க்கால் வரை போனேன். அங்கே நின்று இரண்டு பேரைக் கூப்பிட்டேன். அவர்கள் வேலைக்குப் போகிற அவசரத்தில் இருந்தார்கள். திரும்பி வந்துவிட்டேன். எங்கள் வீட்டில் எனக்கு நாளைக்கும் ஒரு முகம் வேண்டுமே!

அப்புறம், நீயும் ஒன்றும் யோக்கியமில்லை. படிக்கப் போன பிறகு எத்தனை முறை உன் சொந்தக் கோட்டையூருக்கு வந்தாய்? எங்கள் ஊரை ரயில் ஜன்னல் வழியாகப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, படம் போட்டு, கோடு போட்டு, வெளிநாட்டில் போய் வாசிப்பாய். இத்தனை வருஷமாக எங்கள் விரலில் குத்திக்கொண்டு போனவர்கள் யாராவது திரும்பி வந்து ஒரு கீரைக்கட்டு கொடுத்திருக்கிறார்களா?

ஐம்பத்து மூன்று படிவத்தில் பதினொரு படிவம். கிழித்துப் போடு. அதனால் யார் குடி முழுகிவிட்டது?

சொர்ணவல்லி


கோயம்புத்தூர்
29 ஜனவரி 2024

சொர்ணவல்லிக்கு,

யார் குடி முழுகிவிட்டது என்று கேட்டாய். பொங்கல் முடிந்து நானே வந்து பார்த்தேன். உனக்குச் சொல்லவில்லை. நான்கு நாள் கீழத்தெருவில் இருந்தேன். பதினொரு வீட்டிலும் நானே குத்தினேன், நானே எழுதினேன்.

8.2. 9.1. 7.6. 8.8. இப்படித்தான் போகிறது. பத்தைத் தாண்டியவள் ஒருத்திதான்.

வரப்புக் கீரை, கண்மாய் மீன், நத்தை என்று எழுதினாயே, வரப்பு எங்கே இருக்கிறது? ஈஸ்வரன் கடலை போட்டபோது களையெடுக்கப் போனவர்கள் மடி நிறையப் பண்ணைக்கீரை பறித்து வருவார்களாம். அறுவடையில் வரகும் கடலையும் கூலியாக வீட்டுக்கு வருமாம், அதுவே ஆறு மாதத்துக்கு ஓடுமாம். இப்போது தைலமரத்துக்கு அடியில் புல்கூட இல்லை. கண்மாய்க்கு வர வேண்டிய தண்ணீரை மரம் குடித்துவிடுகிறது என்கிறார்கள். மழை பெய்தும் கண்மாய் முழங்கால் ஆழம். மீனுமில்லை, நண்டுமில்லை. காலையில் பாலில்லாத கட்டங்காப்பி. மத்தியானம் ரேஷன் அரிசிச் சோறும் ரசமும். ராத்திரிக்கு அதிலேயே தண்ணீர் ஊற்றி ஊறுகாய். நான்கு நாளும் அதையே எழுதினேன். ஊருக்குள் இருக்கும் உனக்கு இது தெரியாது. நாலு வருஷத்துக்கு முன்னால் பார்த்ததை வைத்து அவர்கள் சாப்பாட்டை நீயே சமைத்துவிட்டாய்.

ஏகப்பனின் மனைவி வீரலட்சுமி. உன் படிவத்தில் ஏழாவது வீடு, 13.9. தினமும் முட்டை. நீ அதை எழுதிய அக்டோபரில் அவள் நான்கு மாதம். நர்ஸம்மா கொடுத்த மாத்திரை குமட்டுகிறது என்று விட்டுவிட்டாள். அடுத்த பரிசோதனைக்குப் போனால் ஒரு நாள் வேலை போகும் என்று போகவில்லை. வீடு தேடி வந்து அவள் ரத்தத்தைப் பார்த்திருக்கக் கூடியவள் ஊரில் நீ ஒருத்திதான். ஜனவரி மூன்றாம் தேதி, ஏழாவது மாதத்தில், செங்கல் சூளையில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் 5.8. இரண்டு பாட்டில் ஏற்றி அவளைப் பிழைக்க வைத்தார்கள். குழந்தை தங்கவில்லை. பெண் குழந்தை.

அக்டோபரில் குத்தியிருந்தால் தெரிந்திருக்கும். சீட்டு கொடுத்திருப்பாய், நான் போனை எடுத்திருப்பேன். குழந்தை கட்டாயம் பிழைத்திருக்கும் என்று நான் சொல்ல முடியாது. பிழைத்திருக்காது என்று நீ சொல்ல முடியுமா?

இன்னொன்றும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் நானும் பொய்ப் படிவம் அனுப்பியவள் ஆவேன். விடுதியில் மூன்று வருஷம் ஒரே அறை. என் அம்மா கோட்டையூரிலிருந்து சோறு கட்டிக்கொண்டு வரும் நாளெல்லாம் உனக்கு விரதம். செவ்வாய், வியாழன், ஞாயிறு, எந்தக் கிழமை அவள் வந்தாலும் அன்றைக்கு உனக்கு விரதம். “அந்தப் பிள்ளைக்குப் பக்தி அதிகம்போல” என்பாள் அம்மா. என் அப்பா வாத்தியார் ஆனாலும் பிறந்தது அப்படி ஒரு கீழத்தெருவில்தான் என்பது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். நாம் அதை ஒருநாளும் பேசவில்லை.

இந்த வேலைக்கு நான்கு பேர் இருந்தார்கள். உன்னைத்தான் எடுத்தேன். “நீயே போக வேண்டும், உள்ளே போய் உட்கார வேண்டும்” என்று எழுதியபோது ஆராய்ச்சியை மட்டும் நினைத்து எழுதவில்லை. உன்னை அந்த வாசற்படி ஏற வைக்க வேண்டும் என்று நினைத்தேன். நீ ஏறமாட்டாய் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் அனுப்பினேனோ என்னவோ. உன் சாதிக்கும் என் வன்மத்துக்கும் நடுவில் அந்தப் பெண்ணின் ரத்தத்தை யாரும் பார்க்கவில்லை. மேலதிகாரியிடம் இதைச் சொல்லிவிட்டேன். விசாரணை நடக்கும், என் மேலும்தான்.

பையையும் அடையாள அட்டையையும் திருப்பி அனுப்பு.

பெல்சி


வேம்பங்கண்மாய்
14 பிப்ரவரி 2024

பெல்சிக்கு,

பை, அட்டை, மீதி ஊசி எல்லாம் இதோடு வருகிறது. பதினொரு படிவமும் நான் போகாமல் எழுதியவை என்று தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வீட்டுக்காரரும் போட்டிருக்கிறார். விசாரணையில் என் பேரைத் தாராளமாகச் சொல்.

உன் கடிதத்தை இரண்டு வாரம் அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருந்தேன். போன ஞாயிறு மத்தியானம் கீழத்தெருவுக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை.

வீரலட்சுமி வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். வெளுத்துப் போயிருந்தாள். என்னைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே வைத்தாள்.

“ஆசாரி வீட்டம்மாதானே? அங்குட்டே நின்னுக்கங்க. எம் வாசல் உங்களுக்குப் பழக்கமில்லாத எடம்.”

நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

“எனக்கு ஊசி குத்துனதா எழுதியிருந்தீகளாமே. டாக்டரம்மா சொன்னாக.”

“ஆமா.”

“நல்லாத் திங்கிறேன்னும் எழுதுனீகளாமே. என்ன தின்னேன்? சொல்லுங்க, கேப்போம்.”

அவள் விடவில்லை. “எழுதத் தெரிஞ்சுச்சுல்ல, சொல்லத் தெரியாதா? காலைல என்ன தின்னேன்?”

“இட்லி” என்றேன். “பருப்புச் சாம்பார். ஒரு முட்டை.”

“முட்டையா! மத்தியானம்?”

“சோறு, முருங்கைக்கீரை, மீன் குழம்பு. சாயந்தரம் ஒரு நெல்லிக்காய்.”

அதற்குள் பக்கத்து வீடுகளிலிருந்தெல்லாம் வந்துவிட்டார்கள். ஒருத்தி, “எனக்கு என்னத்தப் போட்டீக?” என்றாள். “எனக்கு?” என்றாள் இன்னொருத்தி. ஒவ்வொருத்திக்கும் சொல்லவைத்தார்கள். எழுதியது எல்லாம் அப்படியே நினைவில் இருந்தது, பெல்சி. “ஏ, இவளுக்குக் கறிக்குழம்பாம்டி!” என்று ஒருத்தி கத்தினாள், தெருவே சிரித்தது. பதினொரு வீட்டுச் சாப்பாட்டையும் வெயிலில் நின்று ஒப்பித்தேன். வீரலட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. முடிந்ததும், “நல்லாத்தான் ஆக்கிப் போட்டிருக்கீக. எம்மவ அதைத் தின்னுட்டுத்தான் போய்ச் சேந்தா போல” என்றாள்.

நான் அழுதேன். அவள் அதைப் பார்க்க விரும்பவில்லை. “வீட்டுக்குப் போங்க. இங்க நின்னு அழுதா நாங்க என்னமோ செஞ்சுட்டோம்னு உங்க தெருவுல சொல்லுவாக” என்று சொல்லிவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டாள்.

எங்கள் தெருவுக்கு விஷயம் எனக்கு முன்னால் வந்துவிட்டது. மாமியார் என்னோடு பேசுவதில்லை. அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

உன் அம்மா கொண்டுவந்த சோற்றைப் பற்றி எழுதினாய். அந்தப் பத்தியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். தெரிந்தே என்னை அங்கே அனுப்பியதற்கு உன்னைத் திட்ட வேண்டும் என்று மூன்று முறை பேனாவை எடுத்தேன், வரவில்லை.

அன்றைக்கு ஒரு மணி நேரம் வெயிலில் நின்றேன். தண்ணீர் வேண்டுமா என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாங்கிக் குடித்திருப்பேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. எனக்கே தெரியாததை இனிமேல் உனக்கு எழுதுவதில்லை என்று வைத்திருப்பதால், அதை எழுதாமல் விடுகிறேன்.

சொர்ணவல்லி